வாயால் நூல் உறிஞ்சிய தறியும், தானே கோர்த்துக்கொண்ட தறியும்

(நமது கல்யாண் நிருபர்)

ஊசியில் நூல் கோர்ப்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்குவோம். விரலால் உருட்டிக் கூராக்குவோம். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியின் காதில் நுழைப்போம். இரண்டு தடவை தப்பும், மூன்றாவது தடவை நுழையும். சட்டைப் பொத்தான் தைக்க இது போதும்.

நாளைக்கு 300 தடவை கோர்க்க வேண்டும் என்றால்? அதுவும் ஊசியில் அல்ல. பஞ்சுத்தூசி பறக்கும் கூடத்தில், இன்னொருவர் எச்சில் பட்ட மரக்கட்டையில் வாய் வைத்து, மூச்சை இழுத்து நூலை வெளியே கொண்டுவர வேண்டும் என்றால்?

விசைத்தறி என்ற ஒன்று வந்த பிறகு பல தலைமுறை நெசவாளர்கள் அப்படித்தான் நெய்தார்கள். கப்பலில் வந்து நம் பாட்டனார் உடுத்திய மல் துணியும் அப்படி நெய்ததுதான். மும்பையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், இன்றைக்கும் அப்படி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

தானே நூல் கோர்த்துக்கொள்ளும் தறி கண்டுபிடிக்கப்பட்டு 130 ஆண்டுகள் ஆகின்றன. பிறகு ஏன் இன்னும் வாய்?

தாரும் நாடாவும்

தறி பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. துணியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இந்திக்காரர்கள் 'தானா, பானா' என்பார்கள். பாவு இழைகள் பாதி மேலே, பாதி கீழே பிரிந்து நிற்க, நடுவில் உள்ள இடைவெளியில் ஊடையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது நாடா. சில ஊர்களில் ஓடம் என்பார்கள். பார்க்க ஓடம் மாதிரிதான் இருக்கும். நடுவில் குடைந்த மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்புப் பூண். இங்கே மராட்டியர்கள் அதைத் 'தோட்டா' என்கிறார்கள். நம் ஊரில் தோட்டா என்றால் துப்பாக்கியில் போடுவது. தடம் தவறிப் பறக்கும் நாடா பட்டுக் கண் போனவர்களைக் கேட்டால், மராட்டியர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம் என்பார்கள்.

குடைந்த வயிற்றுக்குள் நூல் சுற்றிய குச்சி இருக்கும். அதுதான் தார். தாரிலிருந்து வரும் நூல் நாடாவின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கண் வழியாக வெளியே வரவேண்டும். கண்ணின் விளிம்பு நூலை அறுத்துவிடாமல் இருக்க அதில் பீங்கான் வளையம் பதித்திருப்பார்கள்.

தார் தீர்ந்தால் தறி நிற்கும். நெசவாளர் காலித் தாரை எடுத்துவிட்டு நிரம்பிய தாரைச் செருகுவார். நூல் நுனியை உட்பக்கம் கண்ணுக்கு அருகே கொண்டுபோவார். வெளிப்பக்கம் வாயை வைத்து 'சர்'ரென்று உறிஞ்சுவார். மூச்சோடு நூல் வெளியே வந்துவிடும். பழகியவருக்கு ஒரு நொடி வேலை.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் இதற்கு 'நாடாவுக்கு முத்தம் கொடுப்பது' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரில் இனிமைக்குக் குறைச்சல் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 4 தறி ஓட்டுகிறார். ஒரு தார் 6 நிமிடம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தறிக்கு மணிக்கு 10 தார். நாலு தறிக்கு 40. எட்டு மணி நேரத்துக்கு 320 முத்தம். ஒவ்வொன்றிலும் நூலோடு சேர்ந்து பஞ்சுத்தூசியும் உள்ளே போகும். சாய நூலாக இருந்தால் சாயமும் போகும். அந்த நாடாவை முந்தின ஷிப்டில் பிடித்தவருக்குச் சயரோகம் இருந்திருந்தால்? அதே கண்ணில்தான் இவரும் வாய் வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-ல் சட்டம் போட்டு இப்படி உறிஞ்சும் நாடாவைத் தடை செய்தது. லங்காஷயரில் தடை வருவதற்கு 1952 ஆயிற்று. அதன் பிறகும் சில காலம் பழக்கம் விடவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாய் வைக்காமல் கையாலேயே நூலைச் செலுத்தும்படி கீறல் போட்ட நாடா அப்போதே இருந்தது. பெரிய எந்திரம் எதுவும் அல்ல. மரத்தில் ஒரு கீறல், கண்ணில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவுதான். லங்காஷயர் முதலாளிகள் அதை வாங்கத் தயங்கினார்கள். நெசவாளர்களும் ஆவலோடு ஓடிவரவில்லை. அவர்களுக்குக் கூலி நெய்த துணிக்கு. ஒரு நொடியில் உறிஞ்சுவதை விட்டுவிட்டு மூன்று நொடி செலவழித்தால் சனிக்கிழமை கூலியில் தெரியும். இருமலோ பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

கோழிக்கூட்டில் பிறந்த தறி

ஜேம்ஸ் ஹென்றி நார்த்ராப் என்பவர் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் கீத்லி என்ற ஊரில் 1856-ல் பிறந்தவர். மெக்கானிக். 1881-ல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். ஊரை விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு இந்த ஒரு விஷயத்தில் அவர் உறவுக்காரர்தான்.

மாசசூசெட்ஸில் ஹோப்டேல் என்ற ஊரில் டிரேப்பர் கம்பெனி நெசவு எந்திரங்கள் செய்துவந்தது. நார்த்ராப் அங்கே சேர்ந்தார். நினைத்தபடி நடக்கவில்லை, விலகி விவசாயம் செய்யப் போனார். அதிலும் பசை இல்லை, திரும்பி வந்தார். நூல் தீர்ந்ததும் தானே மாற்றிக்கொள்ளும் தறிக்காகக் கம்பெனி முயன்றுகொண்டிருந்த நேரம் அது. 1889-ல் நார்த்ராப் தன் வீட்டுக் கோழிக்கூட்டையே பட்டறையாக்கிக்கொண்டு மரத்தில் ஒரு மாதிரி செய்து காட்டினார். முதலில் நாடாவையே மாற்றும் யோசனை. பிறகு நாடாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தாரை மட்டும் மாற்றும் யோசனைக்கு வந்தார். 1894-ல் காப்புரிமை கிடைத்தது. 1895-ல் தறி விற்பனைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தறியின் ஒரு பக்கத்தில் வட்டமான ஒரு சுழல் தட்டு. ரிவால்வரில் குண்டு அடுக்குகிற மாதிரி அதில் சுற்றிலும் நிரம்பிய தார்கள். ஒவ்வொரு தாரின் நூல் நுனியும் தட்டின் நடுவில் உள்ள குமிழில் சுற்றப்பட்டிருக்கும். நாடாவில் நூல் தீர்ந்ததும், நாடா அந்தப் பக்கம் வந்து நிற்கும் கண நேரத்தில், சுத்தியல் போன்ற ஒரு கை புதிய தாரை மேலிருந்து ஓங்கி அழுத்தும். புதியது உள்ளே விழும். பழையது நாடாவின் அடிப்பக்கமாக வெளியேறிக் கீழே உள்ள பெட்டியில் விழும். தறி நிற்பதில்லை.

சரி, தார் மாறிவிட்டது. நூல் கண்ணுக்குள் எப்படிப் போகும்? அங்கே வாய் வைக்க யாரும் இல்லையே?

இந்த இடத்தில்தான் நார்த்ராப் கெட்டிக்காரர். நாடாவின் தலைப்பக்கம் மேலே ஒரு நீளக் கீறல் போட்டார். அந்தக் கீறல் உள்ளே வளைந்து, பக்கவாட்டில் உள்ள கண்ணில் போய் முடிகிறது. புதிய தாரோடு நாடா முதல் முறை ஓடும்போது, நுனி குமிழில் கட்டுண்டு கிடப்பதால் நூல் விறைப்பாக இழுபடும். இழுபட்டு நேராகக் கீறலுக்குள் இறங்கும். எதிர்ப்பக்கம் போன நாடா திரும்பும்போது நூல் இழுபடும் திசை மாறும். வளைவைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி வெளியே வராதபடி அங்கே ஒரு சிறு கொம்பு தடுத்துக்கொள்ளும். போக ஒன்று, வர ஒன்று, இரண்டே ஓட்டத்தில் கோர்த்து முடிந்தது. நேரம் ஒரு நொடிக்குள்.

அழகான வேலை. ஆனால் யாருக்காகச் செய்த வேலை என்றும் பார்க்க வேண்டும்.

டிரேப்பர் கம்பெனி தறியை விற்றது நெசவாளரின் நெஞ்சைக் காட்டி அல்ல, கூலிக் கணக்கைக் காட்டி. சாதாரணத் தறியில் 8 தறி பார்த்தவர் நார்த்ராப் தறியில் 16-க்கு மேல் பார்க்கலாம். பாவு இழை ஒன்று அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும் என்பதால் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டியதில்லை. நெசவுக் கூலி பாதியாகும். இந்தப் பாஷை எந்த முதலாளிக்கும் புரியும். 1900-க்குள் 60 ஆயிரம் தறிகளுக்கு மேல் விற்றன. வாய்க்கு விடுதலை கிடைத்தது இலவச இணைப்பு மாதிரிதான்.

லங்காஷயரில் பிளாக்பர்ன் நகரில் 1902-ல் பிரிட்டிஷ் நார்த்ராப் கம்பெனி தொடங்கியது. ஆனால் அங்கே வாங்குவோர் அதிகம் இல்லை. பழைய தறிகளின் விலை எப்போதோ அடைந்துவிட்டது. கைதேர்ந்த நெசவாளர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். புதிய தறிக்குக் கொட்டும் பணத்துக்கு வட்டி போட்டுப் பார்த்தவர்கள் பழையதே போதும் என்றார்கள். முத்தம் தொடர்ந்தது.

ஜப்பானில் சக்கிச்சி டொயோடா என்ற தச்சர் மகன் வேறு வழியில் போனார். 1924-ல் அவர் முடித்த ஜி-டைப் தறி, ஓடுகிற வேகத்திலேயே நாடாவை முழுசாக மாற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ், பம்பாய் ஆலைகளுக்கு நன்கு பழக்கமான பெயர், 1929-ல் ஒரு லட்சம் பவுனுக்கு அதன் உரிமையை வாங்கியது. லங்காஷயரிடம் தறி கற்ற நாடு லங்காஷயருக்கே தறி விற்றது! அவருடைய மகன் கீச்சிரோதான் கார் கம்பெனி ஆரம்பித்தவர். இன்றைக்கு மும்பை சாலைகளில் ஓடும் டொயோட்டா கார்களின் பூர்வீகம் தறிக்கூடம்.

பம்பாயில் இரண்டு தறி போதும்

பம்பாயில் காவஸ்ஜி தாவர் 1854-ல் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1856-ல் அது ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு பரேல், லால்பாக், வொர்லி என்று புகைபோக்கிகள் முளைத்த கதை நமக்குத் தெரிந்ததுதான்.

அமெரிக்காவில் ஒருவருக்கு 16 தறி என்று பேசிய காலத்தில் பம்பாய் நெசவாளர் பார்த்தது 2 தறி. கூலி மலிவு, ஆள் ஏராளம். இரண்டை மூன்றாக்கு என்று முதலாளிகள் சொன்னபோதுதான் 1928-ல் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை, ஆறு மாதம். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். இரண்டை மூன்றாக்குவதற்கே இந்தப் பாடு என்றால், 16 தறியை ஒருவர் பார்க்கும் எந்திரத்தை யார் வரவேற்பார்கள்? தொழிலாளி பயந்தது வீண் பயம் அல்ல. ஒரு தானியங்கித் தறிக் கூடம் வந்தால் வாசலில் நிற்பவர்களில் எட்டில் ஏழு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமும் கைத்தறியையும் வேலைவாய்ப்பையும் காக்க வேண்டும் என்று தானியங்கித் தறிகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது.

இங்கே என் மனத்தில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். நார்த்ராப் தறியில் இரண்டு சரக்கு சேர்ந்து வந்தது. ஒன்று, தாரைத் தானே மாற்றும் எந்திரம். அதுதான் ஆளைக் குறைக்கும். இன்னொன்று, தானே நூல் கோர்க்கும் நாடா. அது யார் வேலையையும் பறிக்காது. வாயை மட்டும் விடுவிக்கும். இரண்டையும் ஒரே மூட்டையாகப் பார்த்து, மூட்டையை வேண்டாம் என்று தள்ளியபோது நாடாவும் சேர்ந்து வெளியே போயிற்று. கீறல் போட்ட நாடாவை மட்டும் பழைய தறியில் வைத்திருந்தால் எந்த நெசவாளருக்கும் வேலை போயிருக்காது. ஆனால் அதில் முதலாளிக்கு லாபமும் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் யார் செலவழிப்பார்கள்?

1982 ஜனவரி 18-ல் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஆலைகள் தலைதூக்கவே இல்லை. நெசவு பிவண்டிக்கும், மாலேகாவுக்கும், இச்சல்கரஞ்சிக்கும் போய்விட்டது. ஆலைகள் கழித்துப்போட்ட பழைய தறிகளும் பின்னாலேயே போயின. ஆலை இருந்த இடத்தில் இன்று பளபளவென்று வணிக வளாகம். தறி இருக்கும் இடத்தில் மட்டும் அதே சத்தம்.

பிவண்டியில் ஒரு கூடம்

பிவண்டி ரோடு ஸ்டேஷன் வசாய் – திவா பாதையில் இருக்கிறது. வார ஓய்வு நாளில் அங்கே இறங்கி, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கூடத்துக்குள் போனேன். தகரக் கூரை. வரிசையாகத் தறிகள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. சைகைதான் பாஷை.

உத்தரப்பிரதேசத்துக்காரர்களும் தெலுங்கர்களும் நிறைந்த அந்தக் கூடத்தில் ஒருவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊரிலும் இதே தொழில். ஆறு தறி பார்க்கிறார், 12 மணி நேர ஷிப்டு, கூலி மீட்டருக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு தறி நின்றது. போனார், தாரை மாற்றினார், நாடாவை வாயருகே கொண்டுபோனார், எடுத்தார், கைப்பிடியைத் தட்டினார். தறி ஓடியது. அவர் உறிஞ்சியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, அத்தனை வேகம்.

சாயா குடிக்க வெளியே வந்தபோது, கொக்கி வைத்து இழுக்கலாமே என்றேன்.

"இழுக்கலாம் அண்ணாச்சி. அதுக்குள்ள அடுத்த தறி நின்னுரும். மீட்டருக்குத்தானே துட்டு!" என்றார்.

இருமல் உண்டா என்று கேட்டதற்கு, தறிக்காரனுக்கு இருமல் இல்லாமல் இருக்குமா என்று சிரித்தார். ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்றால், அந்தப் பேச்சே அங்கே கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான் ஈ.எஸ்.ஐ. ஒரே கூரையின் கீழ் நாலு பெயரில் நாலு கூடம் என்று எழுதிவைத்தால் எந்தக் கூடத்திலும் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1911-ல் மாசசூசெட்ஸ் தடை செய்ததைச் சொன்னேன். அது எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவு தூரத்துலயா" என்றதோடு பேச்சு ஊர்ப்பக்கம் மழைக்குத் திரும்பிவிட்டது.

மூவாயிரம் ஊசிக்காது

ஊடைக்கு ஒரு கண் என்றால் பாவுக்கு ஆயிரக்கணக்கில் கண்கள். இதைப் பற்றி வெளியே பேச்சே வருவதில்லை. சாதாரணமாக 44 அங்குல அகலத் துணி, அங்குலத்துக்கு 72 இழை என்றால் மொத்தம் 3,168 பாவு இழை. தறியில் புதிய ரகம் ஏற்றும்போது ஒவ்வொரு இழையையும் விழுதின் கண்ணில் கோர்க்க வேண்டும். பிறகு அச்சுப் பல்லின் இடையில் கோர்க்க வேண்டும். தானே நிற்கும் தறியாக இருந்தால் ஒவ்வொரு இழையிலும் தொங்கும் மெல்லிய உலோகத் தகட்டிலும் கோர்க்க வேண்டும். ஒன்று மாறினால் துணி நெடுக ஒரு கோடு விழும்.

இரண்டு பேர் வேலை இது. பின்னால் ஒருவர் இழையை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டுவார். முன்னால் இருப்பவர் மெல்லிய கொக்கியை விழுதுக் கண் வழியாக விட்டு இழுப்பார். இழைக்கு 5 நொடி என்று வைத்தாலும் நாலரை மணி நேரம், கண் இமைக்காமல். லங்காஷயரில் பின்னால் உட்கார்ந்து நீட்டும் வேலைக்குச் சிறு பையன்களை வைத்திருந்தார்கள்.

அதே ரகம் தொடர்ந்தால் கோர்க்க வேண்டாம், பிணைத்தால் போதும். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை இழைக்கு இழை முறுக்கிவிடுவது. நம் ஊரில் பாவு பிணைப்பவர் என்றே தனியாள் உண்டு. விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு அவர் முறுக்கும் வேகத்தைப் பார்த்தால் எந்திரம் எதற்கு என்று தோன்றும். ஆனால் எந்திரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் ராக்ஃபோர்டு நகரின் பார்பர்-கோல்மன் கம்பெனி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிச்சுப் போடும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. இன்றைய முடிச்சு எந்திரம் நிமிடத்துக்குப் பல நூறு முடிச்சு போடும். பாவின் மேல் தண்டவாளத்தில் போகிற மாதிரி நகர்ந்துகொண்டே முடிச்சுப் போட்டுப் போகும்.

கோர்ப்பதற்கும் எந்திரம் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஸ்டாப்ளி கம்பெனி செய்வது பெயர் பெற்றது. இழையை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். இரண்டு இழை ஒட்டிக்கொண்டு வந்தால் கண்டுபிடித்து நின்றுவிடும். தகடு, விழுது, அச்சு மூன்றிலும் ஒரே இழுப்பில் கோர்த்துவிடும். நிமிடத்துக்கு நூறு இழைக்கு மேல். நாலரை மணி நேர வேலை அரை மணி நேரத்தில்! விலை பெரிய ஆலைகளுக்குத்தான் கட்டும். பிவண்டியிலும் நம் குமாரபாளையத்திலும் சோமனூரிலும் சிறு கூடக்காரர்கள் அதைப் படத்தில் பார்க்கலாம்.

இதிலும் அதே கணக்குத்தான். கோர்க்கிறவரின் கண் வலிக்காக யாரும் எந்திரம் வாங்கியதில்லை. கோடி ரூபாய்த் தறி நாலரை மணி நேரம் சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக வாங்குகிறார்கள். ஆகவே மலிவான தறி இருக்கும் இடத்தில் கோர்ப்பது மனிதக் கண், விலை உயர்ந்த தறி இருக்கும் இடத்தில் எந்திரக் கண்.

மூச்சு இப்போது எந்திரத்துக்கு

நாடாவே இல்லாத தறிகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ரேப்பியர் தறியில் ஒரு கை நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும், பெரும்பாலும் எதிரே வரும் இன்னொரு கை வாங்கிக்கொண்டு திரும்பும். ஏர்ஜெட் தறியில் காற்றே நூலை அடித்துக்கொண்டு போகிறது. முதலில் ஒரு குழல் ஊதும். வழியில் வரிசையாகச் சிறு குழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதி எதிர்க்கரை சேர்க்கும். பழைய தறி நிமிடத்துக்கு நூற்றைம்பது முறை ஊடை போட்டால் இது எழுநூறு, எண்ணூறு என்று போகும். நூல் கோர்க்க வேண்டுமென்றால் பொத்தானை அழுத்தினால் காற்றே கோர்த்துவிடும். துணிக்குள் ஊடை சரியாகப் போகாவிட்டால், கெட்டுப்போன இழையைத் தானே உருவி எறிந்துவிட்டுத் தானே மறுபடி ஓடும் தறிகளும் உண்டு.

ஒரு காலத்தில் நெசவாளி மூச்சை உள்ளே இழுத்து நூல் கோர்த்தார். இப்போது கம்ப்ரஸர் மூச்சை வெளியே விட்டுக் கோர்க்கிறது. அதற்கு மின்சாரம் மட்டும் கணக்கில்லாமல் குடிக்கும்.

பழைய தறிகளைத் திருத்துவதற்காக மத்திய அரசு 'பவர்டெக்ஸ் இந்தியா' திட்டத்தை 2017 ஏப்ரல் 1-ந்தேதி தொடங்கியது. தொடக்க விழா நடந்ததே பிவண்டியில்தான். பழைய தறியில் புதிய உபகரணம் பொருத்த மானியம் தந்தார்கள். பாவு அறுந்தால் தறியை நிறுத்துவது, ஊடை அறுந்தால் நிறுத்துவது, ரேப்பியராக மாற்றும் கிட் என்று பட்டியல் இருந்தது. ரேப்பியர் கிட் பொருத்திய தறியில் நாடா கிடையாது. நாடா போனால் வாயும் தப்பிற்று. அப்படி மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மாற்றுவதற்குத் தன் பங்குப் பணமும் போட வேண்டும், அது இல்லாதவர்கள் பழைய இரும்பு விலைக்குத் தறியை எடைபோட்டு விற்றுவிட்டார்கள். நான் போன கூடத்திலும் வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. தறி பதித்திருந்த போல்ட்டுகள் தரையில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

ரேப்பியர், ஏர்ஜெட் கூடங்களில் ஆள் குறைவு. ஆனால் எலக்ட்ரிகல், ஃபிட்டர் தெரிந்த ஐ.டி.ஐ. பையன்களைத் தேடுகிறார்கள். தறிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

நாடாத் தறியில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்று இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். பிவண்டியில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. மும்பையில் சிவ்ரியில் காசநோய்க்கென்றே மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. நோய் உறுதியானால் மருந்து முழுவதும் இலவசம். சாப்பாட்டுச் செலவுக்காகச் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆயிற்று. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பாதியில் ஊருக்குப் போக நேர்ந்தால் மருந்தை நிறுத்தாமல், இங்கேயே சொல்லி ஊர் ஆஸ்பத்திரிக்குப் பெயரை மாற்றிக்கொண்டு போகலாம்.

ஈ.எஸ்.ஐ.யில் பெயர் உள்ளவர்களுக்குக் காசநோய்க்கு நீண்டகாலச் சம்பளச் சலுகையும் உண்டு. அதற்கு ஏற்கெனவே போதிய நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆகவே சம்பளத்தில் பிடித்தம் செய்கிற கூடமாக இருந்தால் அந்தப் பணம் உங்கள் பெயரில் கட்டப்படுகிறதா என்று நம்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.